அப்பப்பாவின் கடை எந்தத் தெருவில் இருந்தது? ஒரு பழைய படத்தோடு கொழும்பில் அலைந்த அனுபவம்

வீட்டில் பழைய தெருப்படம் ஒன்று கிடந்து, அது எந்த இடம் என்று தேடிப் பார்க்கும் எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், வேறு எதற்கும் முன்னால் இந்த ஒன்றைச் செய்துவிடுங்கள். படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும், நான்கு ஓரமும் வெட்டுப்படாமல், முடிந்தால் 1200 டிபிஐயில் (ஸ்கேனின் நுணுக்கத்தைச் சொல்லும் அளவு அது) ஸ்கேன் பண்ணி இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். இதை ஒருவர் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு வருடத்தின் பெரும்பகுதியும், ஐம்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்டிய காசும், கொஞ்சம் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படம் சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும். பழைய பெட்டிக் கேமராவின் பிலிமை அப்படியே தாளில் வைத்து எடுத்த பிரதி, ஆறு சென்ரிமீற்றருக்கு ஒன்பது. என் அப்பப்பா வேட்டி சட்டையோடு நிற்கிறார், பக்கத்தில் அவருடைய தமையன், இருவருக்கும் நடுவில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி கவுண் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிறுமி என் மாமி, அப்பாவின் அக்கா. பின்னால் இருப்பது அப்பப்பாவின் சுருட்டுக்கடை. ஒருகாலத்தில் தென்னிலங்கையில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை இல்லாத பட்டினம் குறைவு. கொழும்பில் எங்களுடையதும் ஒன்று. 1958 கலவரத்தில் கடை எரிந்தது. அப்பப்பா கப்பலில் ஊருக்குப் போனவர், திரும்பி வந்து கடை வைக்கவே இல்லை. பிறகு அப்பா உத்தியோகத்துக்காகக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தார். 1983 கலவரத்தில் அந்த வீடும் அல்பங்களும் போய்விட்டன. எங்கள் குடும்பத்தில் 83க்கு முந்தைய படம் என்று சொல்லக் கைவிரல் அளவுக்குக்கூட இல்லை. அதனால் இந்தச் சின்னத் தாள் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று நான் விளக்கத் தேவையில்லை.

மாமி ரொறொன்ரோவில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. போன வருடம் போனில் கதைக்கும்போது, அடுத்த முறை வந்தால் அந்தக் கடை இருந்த இடத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று சொன்னார். சரி, நான் கண்டுபிடித்து வைக்கிறேன் மாமி என்று சொல்லிவிட்டேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள், இது ஒரு பெரிய விஷயமா என்றுதான் நினைத்தேன்.

குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: வெள்ளவத்தை, காலி வீதி. சித்தப்பா சொன்னார், பெரியம்மா சொன்னார், லண்டனில் இருக்கும் அத்தான் அடித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெகிவளைப் பாலத்திலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் காலி வீதியின் இரண்டு கரையையும் நடந்து பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அங்கே பழைய கட்டடங்கள் மிச்சம் இல்லை, எல்லாம் புதிது புதிதாகக் கட்டிவிட்டார்கள், ஆகவே இனிக் கண்டுபிடிக்கவே முடியாது என்று மனம் சோர்ந்துவிட்டது. பிறகுதான் ஒரு விஷயம் யோசித்தேன். வெள்ளவத்தை என்று சொன்னவர்களில் ஒருவர்கூடக் கடையைக் கண்ணால் கண்டவர் இல்லை. எல்லாரும் பிறகு பிறந்தவர்கள், அல்லது அப்போது ஊரில் இருந்தவர்கள். அவர்களுக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தை. கடையையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார்கள். ஆகவே சொந்தக்காரரிடம் விசாரிக்கும்போது "எந்த இடம்" என்று கேட்பதற்கு முன் "நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். பத்துப் பேர் ஒன்றையே சொன்னால் அது பத்துச் சாட்சி ஆகாது. அநேகமாக ஒருவர் சொன்னதைத்தான் மற்ற ஒன்பது பேரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கிடையில் படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று சொன்ன ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. 14,500 ரூபா. வாங்கப் போன அன்றைக்குப் படம் பளபளவென்று ஒரு மட்டையில் ஒட்டப்பட்டு, லமினேட் பண்ணப்பட்டு இருந்தது. சுற்றிவர இருந்த நெளிவு வெட்டுள்ள வெள்ளை ஓரம் இல்லை. அதோடு சேர்த்து இடப்பக்கத்தில் படத்திலும் ஒரு கீற்று போயிருந்தது. பின்பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது, படம் கழுவிய கடையின் முத்திரை. நான் அதை ஆறுதலாக வாசிக்கலாம் என்று விட்டிருந்தேன். அது மட்டைக்குள் போய்விட்டது. உரித்துத் தாருங்கள் என்று கேட்டேன், உரித்தால் கிழிந்துவிடும் என்றார்கள், அது உண்மைதான். "அழகாத்தானே இருக்கு மிஸ்" என்று அந்தப் பொடியன் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ஓட்டோவில் ஏறி வீடு வரும்வரை அழுதேன்.

அதனால் ஸ்டூடியோவில் கொடுத்தால் "ஸ்கேன் மட்டும், தாளைத் தொடக்கூடாது, ஒட்டக்கூடாது, வெட்டக்கூடாது, லமினேட் வேண்டாம்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு வாருங்கள். கொமியூனிகேஷன் கடைகளில் ஸ்கேன் பண்ணினால் வழக்கமாக 200, 300 டிபிஐயில் வைத்துப் பண்ணுவார்கள், கடிதத்துக்கு அது போதும், இதற்குப் போதாது. பிலிம் அளவிலேயே எடுத்த சின்னப் பிரதிகளில் பெரிய பிரதிகளைவிட நுணுக்கம் அடங்கியிருக்கும். பெரிதாக்கினால் கண்ணுக்குத் தெரியாத பலகையும் கம்பியும் வெளியே வரும்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. போனில் ஒரு செயலி, மாதம் பத்து டொலர், ரூபாவில் மூவாயிரத்துக்கு மேல், நிறுத்தச் சொல்லியும் இன்னும் இரண்டு மாதம் அட்டையில் காசு எடுத்தார்கள். மங்கிய படத்தைப் போட்டால் கூர்மையாக்கித் தந்தது. பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருந்தது. பக்கத்துக் கடையின் ஆங்கிலப் பலகையில் எழுத்தெல்லாம் துலக்கமாக வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தேடினேன். அப்படி ஒரு கடை கொழும்பில் எங்கேயும் இருந்ததில்லை. பிறகு ஒருநாள் அதே படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன், பலகையில் வேறு பெயர் வந்தது. அப்போதுதான் விளங்கியது, அது படத்தில் உள்ளதை வாசிக்கவில்லை, இருக்கக்கூடியது என்று தான் நினைப்பதை வரைகிறது. அப்பப்பாவின் முகத்தையும் அப்படித்தான் ஆக்கியிருந்தது, மீசை கொஞ்சம் மாறி, கண் கொஞ்சம் மாறி, யாரோ ஒருவர். இடத்தைக் கண்டுபிடிக்கக் கேட்டபோது ஒரு தடவை சிங்கப்பூர் என்றது, ஒரு தடவை பினாங்கு என்றது. தூண் வைத்த விறாந்தையும் மேல்மாடியும் உள்ள கடைவரிசை அங்கேயும் இருப்பதால் அப்படி. இந்தச் செயலிகளைப் பாவிக்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எழுத்து, இலக்கம், முகம் மூன்றையும் அதிலிருந்து எடுத்து நம்பாதீர்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் கையால் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலே போதும், அது உள்ளதைத்தான் காட்டும்.

காசு போன மூன்றாவது இடம், பழைய வரைபடம் "உள்ளே ஆள் பிடித்து" எடுத்துத் தருகிறேன் என்று வந்த ஒருவர். 25,000 வாங்கினார். கொண்டுவந்தது பழைய பயண வழிகாட்டியில் வந்த கொழும்பு வரைபடம், இணையத்தில் யாரும் சும்மா இறக்கிக்கொள்ளக்கூடியது. இந்த வேலைக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. நில அளவைத் திணைக்களம் நாரஹேன்பிட்டியில் கிருள வீதியில் இருக்கிறது, வரைபடங்களை அங்கேயே விலை கொடுத்து வாங்கலாம். 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7இல், முன்பு ரீட் அவெனியூ என்று இருந்த பிலிப் குணவர்தன மாவத்தையில். அடையாள அட்டையோடு போய் வாசகராகப் பதிந்துகொண்டால் நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம். போவதற்கு முதல் நாள் போன் பண்ணி நேரத்தையும் தேவையான பத்திரங்களையும் கேட்டுக்கொண்டு போங்கள். பென்சில் கொண்டு போங்கள்.

திருப்பம் வந்தது பருத்தித்துறையிலிருந்து. அந்தக் காலத்தில் ஒரு படம் எடுத்தால் ஒரு பிரதியோடு நிற்கமாட்டார்கள், ஊருக்கு ஒன்று, தமையன் வீட்டுக்கு ஒன்று என்று அனுப்புவார்கள். இது எனக்கு மாமி சொல்லித்தான் தெரியும். படத்தில் நிற்கும் பெரியப்பப்பாவின் பேரன் ஒருவர் பருத்தித்துறையில் இருக்கிறார், நான் அதுவரை கதைத்ததே இல்லாத உறவு. கூச்சத்தை விட்டு எடுத்துக் கதைத்தேன். "ஓம், உது எங்கட வீட்டிலயும் கிடக்கு" என்றார், ஏதோ சாதாரணம் போல. எனக்குக் கை நடுங்கியது. முதலில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார், அதில் எல்லாம் இடம் வலமாக இருந்தது. அப்பப்பாவின் சட்டைப்பை வலது நெஞ்சில் இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், போனின் முன் கேமராவில் எடுத்திருக்கிறார். பழைய படங்களையும் பிலிமைத் திருப்பி வைத்து இப்படி மாற்றிப் பிரதி எடுத்திருப்பார்கள், அதனால் எதையும் தேடத் தொடங்குவதற்கு முன் சட்டைப்பை, சேலைத் தலைப்பு இடது தோளிலா, காரின் ஸ்டியரிங் வலப்பக்கமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நானே பஸ் ஏறிப் போய் அந்தப் பிரதியை ஸ்கேன் பண்ணிக்கொண்டு வந்தேன். அவர்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அந்தப் பிரதியில் மூன்று விஷயம் இருந்தது. பின்னால் பென்சிலால் "தைப்பொங்கல்" என்று எழுதியிருந்தது, ஆண்டு இல்லை. அதே ஊதா முத்திரை, அரைவாசி அழிந்து, "மருதானை" என்பது மட்டும் ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடியதாக. மூன்றாவது, எங்கள் பிரதியில் ஸ்டூடியோ வெட்டிய அந்த இடது கீற்று.

முத்திரையைப் பார்த்தவுடனே மருதானை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது படம் கழுவிய இடம், படம் எடுத்த இடம் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் எங்கேயும் பிலிமைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த இடது கீற்று வேறு. அதன் கீழ்மூலையில் தெருவோடு சேர்ந்து இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடியது. மேலே, கம்பத்தில் இருந்து நீண்ட ஒரு கை, அதில் ஒற்றைக் கம்பி. ட்ராம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கொழும்புப் படம் வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும். கொழும்பில் மின்சார ட்ராம் 1899இலிருந்து 1960 வரை ஓடியது. கோட்டை, புறக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாதை மருதானை வழியாகப் பொரளைக்கு, மற்றது கிராண்ட்பாசுக்கு. காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு ட்ராம் போனதே இல்லை. 1953இலிருந்து 1964 வரை ட்ரொலி பஸ்ஸும் ஓடியது. இரண்டையும் கம்பியை வைத்துப் பிரிக்கலாம். ட்ராமுக்கு மேலே ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போய்விடும். ட்ரொலி பஸ் ரப்பர் சில்லில் ஓடுவது, அதற்கு மேலேயே போக ஒன்று வர ஒன்று என்று சோடிக் கம்பி வேண்டும். தண்டவாளத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள், ட்ராம் நின்ற பிறகும் தார் போட்டு மூடும் வரை அது தெருவில் கிடந்திருக்கும். கம்பியும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இந்த ஒற்றைக் கம்பியோடு ஒரே நிமிடத்தில் வெள்ளவத்தை முழுவதும் கழன்றுவிட்டது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! கோபம் வந்தது, யாரில் என்று தெரியாத கோபம்.

மாமிக்குப் போன் எடுத்தேன். மருதானை, ட்ராம் என்று ஒன்றும் நான் சொல்லவில்லை. கடை வாசலில் நின்றால் என்ன சத்தம் கேட்கும் மாமி என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மணிச்சத்தம் பிள்ளை. டிங் டிங்கெண்டு. றோட்டில இரும்பு போட்டிருக்கும், உதில கால் வைக்கக் கூடாதெண்டு அப்பா பேசுவார்" என்றார். இத்தனை வருடமும் யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை, எல்லாரும் இடப் பெயரைத்தான் கேட்டிருக்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கு இடப் பெயர் எங்கே தெரியும். வயதானவர்களிடம் சத்தத்தையும் மணத்தையும் கேளுங்கள், எந்தப் பக்கம் கோயில் மணி கேட்கும், தண்ணீர் எங்கே அள்ளினார்கள், வாசலில் எத்தனை படி என்று கேளுங்கள்.

ஆண்டையும் மாமியின் பல்தான் தந்தது. முன்பல் விழுவது ஆறு ஏழு வயதில். அவர் பிறந்த ஆண்டோடு கூட்டிப் பார்த்தால் 1951 தை, அல்லது அதற்கு முன்பின் ஒரு வருடம். படத்தில் பிள்ளை ஒன்று இருந்தால் அதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. வாகனங்களும் உதவும், ஆனால் கவனம் வேண்டும். எங்கள் படத்தில் ஒரு காரின் பின்பக்கம் தெரிகிறது, இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்து. 1957-58 காலத்தில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், வாகன இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது அப்போதுதான். ஆகவே படத்தில் ஸ்ரீ இருந்தால் படம் அதற்குப் பிந்தியது என்பது உறுதி. ஆனால் ஆங்கில எழுத்து இருந்தால் முந்தியது என்று சொல்ல முடியாது, பழைய கார் பழைய தகட்டோடு பல வருடம் ஓடியிருக்கும். பஸ் இருந்தால் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) வந்தது, அதற்கு முன் தனியார் கம்பனிகளின் பெயர்தான் இருக்கும். சோடா, சிகரெட், சவர்க்கார விளம்பரத் தகடுகளை வைத்து இடம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே தகடு நாடு முழுவதும் ஆணியடித்து மாட்டியிருந்தது.

நிழலைப் பற்றி ஒன்று. மத்தியான நிழல் வடக்கே விழும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுக்க முடியாது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைதான். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மாதம் தெரியாமல் நிழலை வைத்துத் திசை சொன்னால் அப்படியே தலைகீழாகப் போய்விடும். எங்களுக்குப் பென்சிலில் தைப்பொங்கல் என்று இருந்தது. தை மாதத்தில் சூரியன் தெற்கே. படத்தில் மூன்று பேரின் நிழலும் குட்டையாகக் கடைப் பக்கம் விழுந்திருக்கிறது. அப்படியானால் கடை தெற்கைப் பார்த்திருக்க வேண்டும், அதாவது தெருவின் வடக்குக் கரையில். மருதானையிலிருந்து பொரளைக்குப் போகும் வழியானால் இடக்கைப் பக்கம்.

சுவடிகள் திணைக்களத்தில் பழைய பெர்குசன் டிரெக்டரிகளை, அதாவது அந்தக் காலத்துக் கம்பனி, கடை விபரங்கள் அச்சிட்ட புத்தகங்களை, பார்த்தேன். எங்கள் சுருட்டுக்கடை மாதிரிச் சின்னக் கடை அதில் வராது. ஆனால் பக்கத்துக் கடையின் பலகை "சன்ஸ்" என்று முடிவது நல்ல ஸ்கேனில் தெரிந்தது, அதன் முன்னால் இருந்த இரண்டெழுத்தும் தெரிந்தது. அந்தக் காலத்துப் பதிப்புகளை விரல் வைத்து வாசித்து வந்து மருதானை வீதியில் ஒரு மருந்துக்கடையைப் பிடித்தேன். உங்கள் கடையைத் தேடாதீர்கள், பக்கத்தில் பெரிய கடை எது என்று பாருங்கள், அதுதான் புத்தகத்தில் இருக்கும். ஒன்று, அங்கே இருந்த கதவிலக்கம் இன்றைய இலக்கத்தோடு பொருந்தவில்லை, தெரு எந்த முனையில் தொடங்குகிறது என்று பார்த்துத் தோராயமாகத்தான் எடுக்க முடிந்தது. தெருப் பெயரும் மாறியிருக்கும். நொரிஸ் வீதி ஒல்கொட் மாவத்தை ஆனது, டரட் வீதி தர்மபால மாவத்தை, கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, கொட்டாஞ்சேனையில் பாபர் வீதி மகாவித்தியாலய மாவத்தை. பழைய கடிதங்களை வாசிக்கும்போது இந்தப் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடக்கிற வேலை. அதைத்தான் நான் அதிகம் பயந்தேன். எரிந்துபோன தமிழ்க் கடை ஒன்றின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது உங்கள் கடையா என்று ஒரு தமிழ்ப் பெண் கேட்டுக்கொண்டு வந்தால் கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? காணி கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான். முதல் கடையிலேயே முகம் மாறியது. இன்னொரு கடையில் முதலாளி இல்லை என்று சொன்னார்கள், முதலாளி கல்லாவில்தான் இருந்தார். ரயில் நிலையத்துக்குக் கிட்ட நின்று படம் எடுத்தபோது ஒரு பொலிஸ்காரர் வந்து போனைக் காட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன், விட்டுவிடு என்றார். விடவில்லை. அடுத்த முறை பேச்சை மாற்றினேன். முதல் வசனமே, "என் மாமி எண்பது வயது, கனடாவிலிருந்து வருகிறார், இந்தப் படத்தில் நிற்கும் பிள்ளை அவர்தான், நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம்." சிங்களத்தில் சொன்னேன். பிள்ளையின் முகத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் முகம் திருப்பவில்லை, நாற்காலி போட்டார்கள், பிளேன்ரீ தந்தார்கள்.

தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு நானா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "மகள், கீழுக்குப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்க? கீழ எல்லாம் மாத்தியாச்சு. மேலுக்குப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். நான் அதுவரை கடைகளின் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வாசல் எல்லாம் கண்ணாடியும் அலுமினியமும் பெரிய பெரிய பலகையுமாக இருக்கிறது. பலகைகளுக்கு மேலே தலையைத் தூக்கினால் பழைய கொழும்பு அப்படியே நிற்கிறது: சுண்ணாம்புப் பூவேலை, மரச்சட்டம் போட்ட யன்னல், கூரையை மறைத்துக் கட்டிய முகப்புச்சுவர், அதில் கட்டிய ஆண்டு. எங்கள் படத்தின் மேல் விளிம்பில் ஒரு முகப்புச்சுவரின் கீழ்ப்பாதி தெரியும், 19 என்றும் கடைசியில் 6 என்றும் அரைகுறையாக. போயா நாள் ஒன்றில், கடைகள் பூட்டி வாகனம் குறைந்த காலை நேரத்தில், எதிர்க்கரையில் நடந்து ஒவ்வொரு உச்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். புஞ்சி பொரளைக்குக் கிட்ட, ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, பாசி பிடித்து, பக்கத்தில் அரசங்கன்று முளைத்து, 1926 என்று இருந்தது.

ஆண்டு ஒத்துப்போனால் மட்டும் போதாது, அதே ஆண்டில் எத்தனையோ கட்டடம் கட்டியிருப்பார்கள். சரிபார்க்கும் விதம் இதுதான். படத்தில் கிட்ட உள்ள ஒரு செங்குத்துக் கோட்டையும் தூரத்தில் உள்ள ஒன்றையும் எடுங்கள். எனக்குக் கிட்ட விறாந்தைத் தூண், தூரத்தில் அடுத்த கட்டடத்தின் மேல்மாடி மூலை. படத்தில் தூணின் வலது விளிம்பு அந்த மூலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தெருவில் முன்னே பின்னே நகர்ந்து, இரண்டும் அதே மாதிரித் தொடும் இடத்துக்கு வந்தால், கேமரா நின்ற கோட்டில் நீங்கள் நிற்கிறீர்கள். இன்னொரு சோடியை அதேபோல எடுத்தால் இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் படம் எடுத்தவர் நின்ற இடம். வேறு கட்டடமாக இருந்தாலும் இரண்டு சோடி தற்செயலாக எங்கேயாவது பொருந்திவிடலாம், ஆகவே அந்தப் புள்ளியில் நின்று படத்தில் உள்ள மற்ற விபரங்களும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டிக் கேமராவை இடுப்புக்கு நேரே பிடித்து மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆகவே போனையும் இடுப்பளவில் பிடியுங்கள், கண்ணளவில் பிடித்தால் ஒன்றும் சேராது. நான் மருதானை வீதியின் நடுவில் போனை வயிற்றோடு வைத்துக்கொண்டு நின்றேன். முதல் சோடி பொருந்தியது. இரண்டாவதும் பொருந்தியது. மேல்மாடியில் மூன்று யன்னல், நடு யன்னலின் வளைவில் ஒரு கல் உடைந்திருப்பது, படத்தில் கறை என்று நினைத்திருந்தேன், அது கறை இல்லை, அந்த உடைவு இன்றைக்கும் இருக்கிறது.

மாமி ஆவணியில் வந்தார். ஹார்ட்வெயார் கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து கதவு திறந்து வைத்தார். மாமி உள்ளே போகவில்லை, வாசலில் நின்று கீழே பார்த்து, "இஞ்ச மூண்டு படி இருந்தது" என்றார். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. முதலாளி சொன்னார், தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, அவருடைய அப்பா காலத்தில் இரண்டு இருந்ததாம். அவருக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பருத்தித்துறைக்கு, ரொறொன்ரோவுக்கு, லண்டனுக்கு என்று எல்லாப் பிரதியின் பின்னாலும் மென்மையான பென்சிலால் இடத்தையும் மூன்று பேரின் பெயரையும் எழுதித்தான் அனுப்பியிருக்கிறேன். பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கத்துக்கு ஊறும்.

ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் கடையின் பெயர்ப்பலகை படத்துக்குள் வரவில்லை, அதில் என்ன எழுதியிருந்தது என்று மாமிக்கும் ஞாபகம் இல்லை. ட்ராம் ஓடிய காலத்து மருதானை வீதிப் படம் யாருடைய வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். பொரளைக்குப் போகும்போது இடக்கைப் பக்கம், புஞ்சி பொரளைச் சந்திக்குக் கிட்ட, உச்சியில் 1926 என்று போட்ட மேல்மாடிக் கட்டடம். அதன் கீழே மூன்று கடை, ஒரு பக்கம் மருந்துக்கடை, நடுவில் இருப்பது எங்களுடையது.